வெள்ளம் வந்தாச்சு

வாளிக்குள் மக் இல்லை. ஜெபிஷா இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். மக் என்ன மூக்குத்தித் திருகாணியா, இருந்தும் கண்ணுக்குத் தப்புவதற்கு? பல் தேய்த்துவிட்டுப் போகும்போது நீல வாளிக்குள் நீல மக்கைப் போட்டுத்தான் வரிசையில் வைத்தாள். ரூமுக்குப் போய்த் துண்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் யாரோ அடித்துக்கொண்டு போயாகிவிட்டது. யாரோ என்ன யாரோ, நர்மதாதான். இந்த இரண்டாம் மாடியில் எது தொலைந்தாலும், சோப்பு டப்பாவோ நிம்மதியோ, ஜெபிஷாவுக்கு முதலில் தன் ரூம்மேட் நர்மதாவின் முகம்தான் ஞாபகம் வரும். உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையும், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற வாயும். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் முழுக்கத் தலைக்குக் குளிக்கிற நாள். பாத்ரூம் வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் வாளிகள் நிற்கின்றன, ஆட்களைக் காணோம். இங்கே ஆளுக்குப் பதிலாக வாளி நிற்கலாம். வாளிக்குள் மக் இருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம், அதை யாரும் தொடக்கூடாது. மக் இல்லாத வாளி கேட்பாரற்றது. அதைக் காலால் தள்ளிக் கடைசிக்கு அனுப்பிவிடலாம், ஒரு சாரிகூடச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் புண்ணியவதி போட்ட சட்டமோ, ஹாஸ்டல் கட்டின நாளிலிருந்து இருக்கிறது என்கிறார்கள். அதனால் மற்றவர்களெல்லாம் கட்டிலில் புரண்டுகொண்டு போன் பார்க்க, ஜெபிஷா மட்டும் ஈரத் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று தன் வாளிக்குத் தானே காவல் காத்தாள். பினாயில் வாசனையும், யாரோ வடிகாலில் விட்டுப்போன முடிக்கற்றையும், கீழே மெஸ்ஸிலிருந்து ஏறி வருகிற ரவை உப்புமாவின் ஆவியும் சேர்ந்து மூக்கில் ஏறின. இதெல்லாம் இன்றோடு சரி என்று சொல்லிக்கொண்டாள்.

இன்றோடு சரி, ஏனென்றால் அப்பா வருகிறார். கேரள எல்லையோரம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற கிறிஸ்துதாஸ், கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி வண்டியில் ஏறியிருக்கிறார். மகளிடமிருந்து அவருக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஹாஸ்டலில் இருக்கிறாயா, தாம்பரத்தில் லில்லி அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறாயா? முதல் வருஷப் பிள்ளைகள் காலி செய்வதென்றால் இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும், அப்புறம் வருஷம் முடிகிறவரை அசையவிட மாட்டேன் என்று வார்டன் மேடம் சொல்லிவிட்டாள். பை தயாராக இருக்கிறது. நேற்றே துணிகளை மடித்து, ஜிப்பை இழுத்து, கட்டிலுக்கடியில் சுவரோரமாகத் தள்ளி வைத்தாயிற்று. நர்மதா பார்த்தாளா? பார்த்திருப்பாள். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அவளுடைய திமிர். குளித்து, தலையைத் துவட்டி, நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அப்பா பஸ் ஸ்டாப்பில் நிற்பார். போய் அவர் முன்னால் நின்று, "நான் வந்துடறேன்ப்பா" என்று சொல்ல வேண்டும். ஜெபிஷா உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வந்துடறேன்ப்பா. இதென்ன, வந்துடறேன்? வீட்டில் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லையே. வந்துருதேன் என்றல்லவா வாயில் வர வேண்டும். மூன்றே மாதத்தில் மனசுக்குள் பேசுகிற பேச்சையும் இந்த ஊர்க்காரிகள் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு எரிச்சல் மண்டியது. முன்னாலிருந்த சிவப்பு வாளியை அதன் சொந்தக்காரி வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெபிஷா தன் வாளியைக் காலால் ஒரு சாண் முன்னே நகர்த்தினாள்.

ஹாஸ்டல் வாழ்க்கையின் நன்மைகளும் தீமைகளும். நாளைக்கு ஆங்கில வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து இதைப் பற்றித்தான் பேச வேண்டுமாம். டீச்சருக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லை. அந்தம்மாள் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய் வடித்த சோற்றைச் சாப்பிடுகிறவள், அவளுக்கு இது தலைப்பு. நன்மைப் பக்கம் பேசப் பெயர் கொடுத்தவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று ஜெபிஷாவுக்கு இப்போதே மனப்பாடம். சொந்தக் காலில் நிற்கப் பழகுகிறோம். ஆமாம், ஈரத் தரையில், வாளிக்குப் பக்கத்தில். விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கிறோம். மக்கை, பிளக் பாயின்டை, ஜன்னலோரக் கட்டிலை. பல ஊர்ப் பிள்ளைகளோடு பழகுகிறோம், பல ஊர்ப் பேச்சைக் கேட்கிறோம். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு கல்லில் இடறின கால்போல நின்றது. பல ஊர்ப் பேச்சு. எல்லார் ஊர்ப் பேச்சுமா? வேலூர்க்காரி நர்மதா இன்னா, கீது, வந்துக்கினு என்று நாள் முழுக்க இழுக்கலாம், அதற்குப் பேர் கெத்து. கோயம்புத்தூர்க்காரிகள் ஏனுங்க போனுங்க என்று கொஞ்சலாம், அதற்குப் பேர் மரியாதை. ஜெபிஷா வாயைத் திறந்தால் மட்டும் மலையாளமா, நீ கேரளாவா, ஒருவாட்டி சொல்லு, இன்னொருவாட்டி சொல்லு. சொன்னால் சிரிப்பு. அதிலும் அந்த ஒரு சொல். அதை நினைக்கக்கூடாது என்றுதான் அவள் தினமும் நினைத்தாள். பிறந்ததிலிருந்து குடித்ததும் குளித்ததும் அந்தச் சொல்லைத்தான். அம்மா அடுப்பில் வைத்தது, அப்பா டியூபை முக்கிப் பார்த்தது, பள்ளிக்கூடத்துக்குப் பாட்டிலில் கொண்டுபோனது எல்லாம் வெள்ளம். தமிழ் டீச்சர் பரீட்சைக்குத் தண்ணீர் என்று எழுதச் சொன்னாள், எழுதினாள். எழுதுவது வேறு, தாகமெடுப்பது வேறு அல்லவா?

அவள் சேர்ந்த முதல் வாரம் அது. வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே குழாயில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் ரிப்பேர் என்று காலையிலிருந்து ஹாஸ்டலே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஜெபிஷா சும்மா போய்க் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது இருமியது, துப்பியது, பிறகு கொடகொடவென்று ஊற்றியது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில், புதுசாக வந்த நாமும் பிள்ளைகளுக்கு ஒரு உபகாரம் செய்தோம் என்று இருக்கட்டுமே என்று, வராந்தா முழுக்க ஓடினாள். "வெள்ளம் வந்தாச்சு! எல்லாரும் வாங்க, வெள்ளம் வந்தாச்சு!" அவ்வளவுதான். மழைச் சத்தத்துக்கு நடுவே இந்த ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று குலசேகரத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கீழ்த்தளத்துப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி லேப்டாப்பைத் தலைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெஸ் மாஸ்டர் அரிசி மூட்டையை மேஜைமேல் ஏற்றினார். நர்மதா இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு கட்டில்மேல் ஏறி நின்றாள், அதை இப்போது சொன்னால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வாள். கடைசியில் வார்டன் மேடம் குடையோடு வந்து, எங்கேடி வெள்ளம் என்று கேட்டபோது, ஜெபிஷா குழாயைக் காட்டினாள். குழாய் வஞ்சகமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அன்று ராச்சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு மேடம் அவளை மெஸ்ஸுக்கு நடுவில் எழுப்பி நிறுத்தினாள். டம்ளரைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டாள். தண்ணி என்றாள் ஜெபிஷா. சத்தமா. தண்ணி. இன்னும் சத்தமா, கடைசி டேபிளுக்குக் கேக்கணும். தண்ணி, மேடம். கடைசி டேபிளில் கையைத் தட்டினார்கள். பயந்து ஓடினவர்களுக்கெல்லாம் தங்கள் வெட்கத்தைக் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து அவள் பெயர் வெள்ளம்.

வெள்ளம், போன் சார்ஜர் இருக்கா. வெள்ளம், சனிக்கிழமை சினிமா வர்றியா. வெள்ளம், உன் கட்டில்ல என் துணியப் போட்டிருக்கேன், மடிச்சு வை. நர்மதா நெயில் பாலிஷால் அவள் வாளியில் சிவப்பாக எழுதியும் வைத்தாள். ஜெபிஷா பிளேடால் சுரண்டிப் பார்த்தாள், ள மட்டும் கொஞ்சம் போயிற்று. அதற்கப்புறம் அவள் அந்தச் சொல்லையும் சொல்லவில்லை, தண்ணி என்பதையும் சொல்லவில்லை. வெள்ளம் என்றால் சிரிப்பார்கள். தண்ணி என்றால் அந்தக் கடைசி டேபிள் கைத்தட்டல் காதில் கேட்கும். மெஸ்ஸில் ஜக்கைக் கையால் காட்டுவாள். குடிக்க வேண்டும் என்பாள். குழாயில் வருதா என்பாள், என்ன வருகிறது என்று சொல்ல மாட்டாள். ஒரு சொல் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அது இருக்கிற இடங்களை அவள் எண்ணியதில்லை, அது எல்லா இடத்திலும் இருந்தது. அப்பாவோடு போனில் பேசும்போது மொட்டைமாடிப் படிக்குப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், நல்ல வெள்ளம் கிட்டுதா மக்களே, காய்ச்சிக் குடிக்கியா. ம் என்பாள். நேற்று அவள்தான் சொன்னாள். "அப்பா, நீங்க ஹாஸ்டல் கேட்டுக்கிட்ட வராண்டாம். எதிர்த்தாப்பில பஸ் ஸ்டாப்பு உண்டு, அங்க நில்லுங்க. நான் வாறேன்." அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சரி மக்களே என்றார். ஏன் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஆம்பிளைகளை நிற்க விடமாட்டார்கள் அப்பா என்று. அந்தப் பொய்யை அவள் தயாராக வைத்திருந்தாள், அது இப்போது செலவாகாமல் தொண்டையில் கிடந்தது.

பரவாயில்லை, இன்றோடு சரி. தாம்பரத்தில் எல்லாம் வேறு. லில்லி அத்தை வீட்டில் பாத்ரூமுக்கு வரிசை கிடையாது, கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், வெந்நீர்கூட வரும். பூஜை லீவுக்குப் போனபோது அப்பாவும் ஊரிலிருந்து வந்து, அத்தையோடு மூன்று பேரும் பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தை தேங்காய் அரைத்து ஊற்றின அயிலை மீன் கறி வைத்திருந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் நாக்கு சொந்தக்காரனைக் கண்டதுபோல் இருந்தது. அத்தைக்கு ஊரை விட்டு வந்து வருஷங்களாயிற்று, மாமா மதுரைக்காரர், பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷ்தான். வீடு துடைத்து வைத்தமாதிரி இருந்தது. அப்பா வேட்டியை ஒடுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து சாப்பிட்டார், கறியில் காரம், அவருக்கு விக்கல் வந்தது, இடது கையை நீட்டினார், நீட்டி... ஜெபிஷாவின் நினைப்பு அங்கிருந்து சட்டென்று விலகிக்கொண்டது. கறி நன்றாக இருந்தது, அதுதான் விஷயம். தனி அறை கிடையாது, ஹாலில் திவானில்தான் படுக்க வேண்டும், இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், காய்கறி நறுக்க வேண்டும், இருக்கட்டும், நறுக்கினால் கை என்ன தேய்ந்தா போய்விடும். அங்கே அவளை யாரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட மாட்டார்கள். ஜெபி என்பார்கள். அத்தை ரொம்ப அன்பானவள், பேச்சைக்கூட அவளே திருத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா இடது கையை நீட்டி... முன்னால் ஒரே ஒரு வாளிதான் பாக்கி. உள்ளே யாரோ சினிமாப் பாட்டை மூக்கால் பாடிக்கொண்டே குளிக்கிறாள், சீக்கிரம் வந்து தொலைக்கிறாளா பார்.

"இன்னாடி வெள்ளம், ரேஷன் கடையில நிக்கிற மாதிரி நிக்கிற?" நர்மதா தலையில் எண்ணெய் வழிய வராந்தாவில் வந்தாள். "மக்கு இன்னா ஆச்சு?"

"நீதான எடுத்த?"

"நான் ஏன் எடுக்கப் போறேன்? எங்கிட்ட மக்கு இல்லியா?" என்று சொல்லிவிட்டு நர்மதா வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சட்டம் தெரியும்ல? நீ இந்தாண்ட போனா வாளி அந்தாண்ட போயிடும்." சிரித்தாள். ஜெபிஷாவுக்கு அந்தக் கொண்டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் போலிருந்தது. பத்து நிமிஷம் பொறுத்துக்கொள் என்று தன் கைகளுக்குச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் குளித்துவிடுவேன், அரைமணியில் போய்விடுவேன், என் கட்டிலில் இவள் மூட்டை மூட்டையாகத் துணி போட்டுக்கொள்ளட்டும். மூக்கால் பாடினவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அடுத்த வாளி உள்ளே போயிற்று. அடுத்தது ஜெபிஷாதான்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மகிழினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். தருமபுரிப் பிள்ளை, அதே ரூமின் மூன்றாவது கட்டில், கடைசிக் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து ஒரு மாதம் தாமதமாக வந்து சேர்ந்தவள். மழை நாள் கதை அவளுக்குத் தெரியாது. எல்லோரும் வெள்ளம் என்று கூப்பிட, இவளும் வந்த அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் ரொம்ப அக்கறையாக, உன் முழுப் பேரு வெள்ளத்தாயா என்றுகூடக் கேட்டாள். ஜெபிஷா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வெள்ளம்! உங்கப்பா வந்துட்டாரு! கீழ கேட்டுல நிக்கறாரு!"

"கேட்டுலயா?"

"ஆமா! நான் கடைக்குப் போய்ட்டு வந்தேனா, என்னை நிறுத்தி உன்னத்தான் கேட்டாரு. வெள்ளம், வெள்ளம்னு. நான் இதோ கூட்டிட்டு வரேன் அங்கிள்னு ஓடி வந்துட்டேன். உங்க வீட்லயும் உன்ன அப்படித்தான் கூப்பிடுவாங்களா? எவ்ளோ நல்லாருக்கு!"

நர்மதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரூம் கதவுகள் திறந்து இன்னும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெபிஷாவுக்குக் காது மடல் சுட்டது. பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள் என்று சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே. வாளியைப் பார்த்தாள். மக் இல்லாத வாளி. நின்றால் அப்பா கேட்டில் யார் யாரிடமெல்லாம் என்னென்ன கேட்பாரோ, போனால் வாளி கடைசிக்குப் போய்விடும், அதன் முறை வருவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், எண்ணெய்த் தலையும் பழைய நைட்டியுமாகத்தான் தாம்பரத்துக்குப் போக வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படிகளில் இறங்கினாள். மகிழினி பின்னாலேயே வந்தாள். அப்பாவுக்கு என்ன தெரியும்? அவர் ஏன் அப்படிக் கூப்பிட வேண்டும்? யாராவது சொல்லியிருப்பார்களா, உங்கள் மகளுக்கு இங்கே இப்படி ஒரு பெயர் என்று? கூப்பிட்டிருக்க மாட்டார். அவர் என்னை மக்களே என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லையே. பாதிப் படியில் அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் மிச்சப் படிகளில் ஓடினாள். அவர் என்னைக் கேட்கவில்லை. அவருக்குத் தாகம்.

கிறிஸ்துதாஸ் கேட்டுக்கு வெளியே, மதிலோரமாக ஒதுங்கி நின்றார். வெள்ளை வேட்டி, பயணத்தில் இஸ்திரி கலைந்த சட்டை, கையில் சிப்ஸ் பொட்டலங்கள் பிதுங்குகிற மஞ்சள் பை. மகளைப் பார்த்ததும் முதலில் சிரித்தார், பிறகு தப்புச் செய்தவரைப்போல் சிரிப்பைச் சுருக்கிக்கொண்டார்.

"பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன் மக்களே. போனுல சார்ஜு தீந்து போச்சு. நல்ல வெயிலு, தொண்டை வறண்டுட்டு. அந்தப் பிள்ளைட்ட கொஞ்சம் வெள்ளம் கிட்டுமான்னு கேட்டேன். அது தலையை ஆட்டிட்டு ஒரே ஓட்டம். இப்பம் கொண்டு வருமாக்கும்னு நிக்கேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "பையத்தான் கேட்டேன். வேற ஆரும் கேக்கல்ல. ஒனக்குக் கொறச்சலாயிட்டா?"

அந்தக் குரல். அதே தாழ்ந்த குரல். இவ்வளவு நேரம் அவள் நினைப்பு முட்டி முட்டித் திரும்பிய இடம் இப்போது திறந்துகொண்டது. லில்லி அத்தையின் மேஜை. அப்பாவுக்கு விக்கல் வந்தது, இடது கையை நீட்டினார். "லில்லி, கொஞ்சம் வெள்ளம் எடு." அத்தையின் சின்ன மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். அத்தை சிரித்த முகத்தோடு, அன்போடு, மெதுவாகத்தான் சொன்னாள். "அண்ணா, இங்க தண்ணின்னு சொல்லுங்க. பிள்ளைங்களும் அதையே படிச்சுரும்." அப்பா கையை மடக்கிக்கொண்டார். தட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விக்கலை விழுங்கி விழுங்கிச் சோற்றை உருட்டினார், தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அத்தை பிறந்ததும் அப்பா பிறந்த அதே வீட்டில்தான், அவள் குடித்ததும் அதே கிணற்றைத்தான். நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். அயிலைத் துண்டை முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். அத்தை வீட்டுக்குத்தான் நான் போகப் போகிறேன், நன்மையெல்லாம் அங்கேதான் என்று சொல்லிக்கொண்டு. அங்கே சிரிக்க மாட்டார்கள். அன்பாகத் திருத்திவிடுவார்கள், திருத்தி முடித்த பிறகு இவர் வந்து தாகத்தோடு நின்றால் என்னிடம்கூடக் கேட்க முடியாது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது, அதோடு பயங்கரமான கோபமும் வந்தது, யார்மேல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"சொன்னேன்ல அங்கிள், கூட்டிட்டு வந்துட்டேன்!" என்றாள் மகிழினி பின்னாலிருந்து.

"ஏட்டி!" ஜெபிஷா திரும்பிய வேகத்தில் மகிழினி ஒரு அடி பின்னே போனாள். "அவரு என்னைக் கேக்கல்ல. குடிக்க வெள்ளம் கேட்டாரு. எங்க ஊருல வெள்ளம்னா குடிக்க வெள்ளமாக்கும். தாகமெடுத்த மனுஷன் வெயில்ல நிக்காரு, போய்க் கொண்டு வா!"

அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ரேடியோவைக் குறைத்தார். மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மெஸ்ஸின் கடைசி டேபிளுக்கும் கேட்டிருக்கும்.

"தண்ணியா? அப்ப உன் பேரு..." என்று ஆரம்பித்த மகிழினி, முகம் சிவந்து, திரும்பி ஓடினாள். ஓடின வேகத்திலேயே தன் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். "சாரி அங்கிள். வெள்ளம்... இந்தாங்க, வெள்ளம்" என்று நாக்குத் தடுமாற நீட்டினாள். கிறிஸ்துதாஸ் பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் மடக் மடக்கென்று குடித்தார். கழுத்து நரம்பு ஏறி இறங்குவதை ஜெபிஷா பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்சத்தைக் கையில் ஊற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல வெள்ளம் மக்களே என்று மகிழினியிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

மேலே இரண்டாம் மாடிச் சுவரில் ஒரு கொண்டை தெரிந்தது. "ஏய் வெள்ளம்! உன் வாளிய கடசீக்கு உதச்சிட்டாளுங்க! மோட்டார் நிக்கப் போவுது, வர்றியா இல்லியா?" நர்மதாவின் கையில் ஒரு நீல மக் இருந்தது. அதை ஒளிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துதாஸ் அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பிள்ளை ஆரை விளிக்கு?"

ஜெபிஷா துண்டைத் தோளில் இழுத்துவிட்டாள். "என்னைத்தாம்ப்பா."

"வெள்ளம்னா?"

"ஆமா. எல்லாரும் அப்பிடித்தான் விளிப்பாவ. காலையில இருந்து ராத்திரி வரைக்கும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. "கொள்ளாமே, நல்ல பேராக்கும்" என்றார்.

கேலிக்கு வைத்த பெயர் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. இவளுகளுக்குச் சிரிக்கத்தான் தெரியும், சிரிப்பதற்காகவாவது எங்கள் சொல்லை நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாளுகள். நான் ஒருத்திதான் துப்பிவிட்டு நின்றேன். அதற்காக இவளுகளைப் பிடித்துப்போய்விட்டதா என்றால், இல்லை. நர்மதாவை இப்போதும் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"அப்பம் பெட்டியை எடுத்துட்டு வாறியா மக்களே?" என்றார் அவர். "லில்லி கறி வச்சிட்டு இருப்பா."

"நான் வரல்லப்பா. இஞ்சயே இருக்கேன். அத்தைட்ட நீங்களே செல்லிருங்க."

"உள்ளதாட்டு? நெசமாவா? கஷ்டம் ஒண்ணும் இல்லியே?"

"கஷ்டம் நெறைய உண்டு. நீங்க நெழல்ல இரிங்க, குளிச்சிட்டு வாறேன், சேந்து சாப்பிடப் போலாம்." மகிழினியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அப்பாவிடமே கொடுத்தாள். துண்டை இறுக்கி இடுப்பில் கட்டினாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். இரண்டாம் மாடி வராந்தாவில் அவளுடைய வாளி குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் காதைப் பிடித்துத் தூக்கி, மழை நாளில் கத்தின அதே தொண்டையில் கத்தினாள்.

"எனக்க மக்கை எடுத்தவ ஆருட்டி? நவுருங்க எல்லாரும், வெள்ளம் வந்தாச்சு!"